பிக்அப் வண்டிக்கு செனான் ஹெட்லைட்: காசைக் கொட்டுமுன் பார்க்க வேண்டியவை

ஒட்டன்சத்திரத்தில் காய்கறி ஏற்றிக்கொண்டு, பொழுது விடிவதற்குள் பொள்ளாச்சி தாண்டிக் கேரளத்துக்குள் நுழைய வேண்டியவருக்கு ஹெட்லைட் எவ்வளவு முக்கியம் என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நம் பிக்அப்களில் பெரும்பாலும் கம்பெனியிலிருந்து வருவது எச்4 ஹாலஜன் பல்பு. பிரைட் 60 வாட், டிம் 55 வாட். வண்டிக்கு நாலைந்து வயது ஆனதும் அந்த வெளிச்சம் மங்கிப்போகும். உடனே யாராவது ஒருவர் "எச்.ஐ.டி. போட்டுடுங்க, பகல் மாதிரி இருக்கும்" என்பார். எச்.ஐ.டி. என்று அவர் சொல்வது செனானைத்தான்.

இதற்காக நான் அலைந்தபோது கடைக்குக் கடை வேறு வேறு கதை சொன்னார்கள். விலை ஒரு பக்கம் என்றால், சட்டம் பற்றிக் கேட்டால் எல்லாரும் சிரித்தே மழுப்பினார்கள். அப்புறம் நானே ஒவ்வொன்றாக விசாரித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே வரிசையாக எழுதியிருக்கிறேன். படிகளைத் தாண்டிப் போகாதீர்கள். மூன்றாவது படியிலேயே பலருக்கு வேலை முடிந்துவிடும்.

1. சட்டம் என்ன சொல்கிறது

இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் முதலில் குறித்துக் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது. அதன்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-ஆம் விதி கண் கூசுவதைப் பற்றியது. விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னால், வண்டியின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் வலப்புறம் தள்ளி, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் ஒருவருடைய கண் இருந்தால் அவருக்குக் கூசக் கூடாது. இந்த அளவுகளை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு சோதனைக்கு உதவும்.

நடைமுறையில் இதன் பொருள்: ஹாலஜனோடு வந்த வண்டியில் கடைக்காரர் செனான் கிட் மாட்டினால், போலீஸ் நிறுத்தினாலும் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டும் இடத்தில் ஆய்வாளர் பார்த்தாலும் உங்களுக்குப் பதில் இருக்காது. மஞ்சள் போர்டு வண்டிக்கு முதல் எட்டு வருடம் இரண்டு வருடத்துக்கு ஒரு முறையும், அதன் பிறகு வருடா வருடமும் எஃப்.சி. உண்டு. எஃப்.சி. அன்று மட்டும் பழைய பல்பை மாட்டிக்கொண்டு போகிறவர்கள் உண்டுதான். நடுரோட்டில் நிறுத்தும்போதும், விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து நிற்கும்போதும் அந்த வித்தை உதவாது. கேரளத்தில் இந்த விஷயத்தில் கெடுபிடி இன்னும் அதிகம்.

சிக்கல் இல்லாத ஒரு வழி இருக்கிறது. உங்கள் மாடலின் மேல்தட்டு வேரியன்டில் கம்பெனியே புரொஜெக்டர் ஹெட்லைட் (லென்ஸ் வழியாக வெளிச்சத்தைக் குவிப்பது) தருகிறதா என்று சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். தருகிறது என்றால் அந்தப் பாகத்தின் எண், உங்கள் வண்டிக்கு அது பொருந்துமா என்ற பதில், பில் மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம். விலை கூடத்தான் இருக்கும், ஆனால் யார் கேட்டாலும் காட்டுவதற்குக் கையில் ஒரு காகிதம் இருக்கும்.

2. இருக்கிற வெளிச்சம் எங்கே போகிறது என்று பாருங்கள்

செலவு ஏறக்குறைய எதுவும் இல்லை. ஒரு மல்டிமீட்டரும் அரை மணி நேரமும் போதும்.

இன்ஜினை ஓட விட்டு, டிம் லைட்டைப் போட்டு, பேட்டரி முனைகளில் அளந்து பாருங்கள். 14 வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். அடுத்து, பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே ஹோல்டரின் பின்பக்கம் டிம் முனைக்கும் எர்த்துக்கும் நடுவே அளக்க வேண்டும். பல்பைக் கழற்றிவிட்டு அளந்தால் அளவு நன்றாகவே வரும், அதை நம்பாதீர்கள். லோடு இருந்தால்தான் வயரின் வண்டவாளம் வெளியே வரும்.

ஹாலஜன் பல்பில் மின்னழுத்தம் கொஞ்சம் குறைந்தாலும் வெளிச்சம் நிறையக் குறையும். பேட்டரியில் 14 வோல்ட், பல்பில் 12.6 என்றால் சுமார் 30 சதவீத வெளிச்சம் போயிற்று. 12-க்கு இறங்கிவிட்டால் 40 சதவீதம். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பல்பைக் குறை சொல்லிப் பயனில்லை. சுவிட்ச், மெலிந்த வயர், துருப்பிடித்த எர்த் என்று வழியிலேயே கரண்ட் வீணாகிறது.

டூமின், அதாவது பல்பு உட்காரும் ஹெட்லைட் கூட்டின், முன்கண்ணாடியையும் பாருங்கள். பிளாஸ்டிக் மஞ்சளித்துப் போயிருந்தால் 1000, 2000 நம்பர் வாட்டர் பேப்பரால் தேய்த்துப் பாலிஷ் போட்டு, மேலே யு.வி. கோட்டிங் கொடுக்கலாம். வெளியே கொடுத்தால் சில நூறு ரூபாய். கோட்டிங் இல்லாமல் வெறும் பாலிஷ் மட்டும் போட்டால் சில மாதத்தில் மறுபடி மஞ்சளிக்கும். உள்ளே ரிஃப்ளெக்டரின் வெள்ளிப் பூச்சு உரிந்திருந்தால் பாலிஷ் உதவாது, டூமையே மாற்ற வேண்டியதுதான்.

3. ரிலே போட்டுப் பாருங்கள்

செனான் கிட்டுக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்குதான் இதற்கு. ரிலே என்பது சிறு கரண்டால் இயங்கிப் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச். எச்4 ரிலே வயரிங் கிட் ஆயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கும். பேட்டரியிலிருந்து நேராக ஃபியூஸ், ரிலே, தடித்த வயர் வழியாக பல்புக்குக் கரண்ட் போகும். பழைய ஹோல்டர் ரிலேவைத் தட்டி எழுப்பும் வேலையை மட்டும் செய்யும். வண்டியின் வயர் எதையும் வெட்ட வேண்டாம், இரு பக்கமும் சாக்கெட்டில் செருகிக்கொள்ளலாம். தெரிந்த எலெக்ட்ரீஷியனுக்கு ஒரு மணி நேர வேலை.

கூடவே நல்ல கம்பெனியின் 60/55 வாட் பல்பு ஒரு ஜோடி போடுங்கள். பிலிப்ஸ், ஓஸ்ராம் இரண்டிலும் அதே வாட்டில் கூடுதல் வெளிச்சம் தரும் ரகங்கள் உண்டு. அவை சீக்கிரம் ஃபியூஸ் ஆகும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். 100/90 வாட் பல்பை எடுத்து நீட்டுவார்கள். வேண்டாம். ஹோல்டர் உருகுவதும் ரிஃப்ளெக்டர் கருகுவதும் பெரும்பாலும் இதனால்தான்.

இதைச் செய்துவிட்டுச் சில இரவு ஓட்டிப் பாருங்கள். வெளிச்சம் போதும் என்று தோன்றினால் அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சட்டச் சிக்கலும் இல்லை.

4. செனான்தான் வேண்டும் என்றால் எதை வாங்குவது

பல்பு தரும் வெளிச்சத்தை லூமன் கணக்கில் சொல்வார்கள். சாதாரண எச்4 பல்பு டிம்மில் சுமார் 1,000 லூமன், பிரைட்டில் 1,650 லூமன் தரும். 35 வாட் டி2எஸ் வகை செனான் பல்பு 3,200 லூமன். மும்மடங்கு வெளிச்சம் என்பது பொய்யில்லை. அது எங்கே போய் விழுகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

எச்4 டூமின் ரிஃப்ளெக்டர், ஒரு சின்ன இழை மிகச் சரியான ஓரிடத்தில் எரியும் என்று கணக்குப் போட்டு வளைத்தது. டிம் இழைக்குக் கீழே இருக்கும் சிறு உலோகத் தடுப்புதான் வெளிச்சம் மேலே ஏறாமல் பார்த்துக்கொள்கிறது. செனான் பல்பில் இழையே கிடையாது, வாயுவுக்குள் வில் போல ஒளி எரிகிறது. அதன் உருவம் வேறு, எரியும் இடமும் வேறு. அதை அந்த ரிஃப்ளெக்டருக்குள் நுழைத்தால் வெளிச்சம் நாலாபக்கமும் சிதறும். வண்டிக்குப் பக்கத்தில் ரோடு பளிச்சென்று தெரிவதால் ஓட்டுபவர் சந்தோஷப்படுவார். தூரத்தில் ஒன்றும் கூடியிருக்காது, எதிரே வருகிறவர் மட்டும் திட்டிக்கொண்டே போவார். எல்.இ.டி. பல்புகளுக்கும் இதே கதைதான்.

ஆகவே பல்பு மட்டும் மாற்றும் கிட் வேண்டாம். டிம், பிரைட் இரண்டையும் ஒரே செனான் பல்பால் தரும் பை-செனான் புரொஜெக்டர் வாங்குங்கள். அதற்குள் இருக்கும் தடுப்பு வெளிச்சத்தை ஒரு கோட்டில் வெட்டிவிடும். பிரைட் போட்டால் சிறு காந்தச் சுருள் அந்தத் தடுப்பை இறக்கும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில.

நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். அதற்கான புரொஜெக்டரில் வெளிச்சக் கோடு வலப்பக்கம் மட்டமாக இருந்து இடப்பக்கம் மேலேறும். வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கானதில் இது தலைகீழ், எதிரே வருகிறவர் கண்ணிலேயே அடிக்கும். இணையத்தில் விலை குறைவாகக் கிடைப்பதில் இந்த ரகம் நிறைய. கடையிலேயே எரியவிட்டுச் சுவரில் காட்டச் சொல்லுங்கள். இந்த ஒன்றில் மட்டும் யார் பேச்சையும் கேட்காதீர்கள்.

நிறம் 4,300 கெல்வின் போதும். கம்பெனியே செனான் பொருத்திய கார்களில் வருவதும் அந்த அளவுதான். 6,000, 8,000 என்று ஏற ஏற நீலம் கூடும், வெளிச்சம் குறையும். மழை நாளில் ஈரத் தாரில் ஒன்றுமே தெரியாது. கோத்தகிரி ஏறும்போது மூடுபனி இருந்தால் வெள்ளைச் சுவர்தான்.

பெட்டியில் வட்டத்துக்குள் ஈ (E) என்ற ஐரோப்பிய முத்திரை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். டி1, டி2, டி3, டி4 வகைச் செனான் பல்புகளுக்கு அந்த முத்திரை உண்மையாக இருக்கலாம். எச்4 அடிப்பாகத்தோடு வரும் செனான் பல்புக்கு அப்படி ஓர் அங்கீகாரமே கிடையாது. அதில் முத்திரை இருந்தால் பெட்டியில் இருக்கிற மற்றதையும் நம்ப வேண்டாம். "20,000 லூமன்" என்று அச்சடித்ததும் அதே வரிசைதான்.

பேலஸ்ட், அதாவது செனான் பல்பைப் பற்றவைத்து எரியவிடும் பெட்டி, 35 வாட், 12 வோல்ட் போதும். 55 வாட் பேலஸ்ட் பல்பையும் புரொஜெக்டரையும் சீக்கிரம் தின்றுவிடும். லாரிக்கான 24 வோல்ட் கிட்டும் அதே அலமாரியில்தான் இருக்கும், பார்த்து எடுங்கள்.

சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் புதுப்பேட்டையிலும் இவை கிடைக்கும். பழைய காரில் கழற்றிய புரொஜெக்டர் என்றால் உள் கிண்ணம் கருகியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இந்தியாவில் ஓடிய காரில் கழற்றியதாக இருந்தால் வெளிச்சக் கோடு நம் பக்கத்துக்கானதாகவே இருக்கும், அது ஒரு லாபம்.

செலவைப் பொறுத்தவரை புரொஜெக்டர், பேலஸ்ட், பல்பு, ரிலே எல்லாம் சேர்ந்து பத்தாயிரம் ரூபாயை ஒட்டி வரும், நல்ல சரக்கு என்றால் அதற்கும் மேலே. டூமைப் பிரித்துப் பொருத்தும் கூலி சில ஆயிரம். இத்தோடு இன்னொரு ஜோடி டூமும் வாங்கிவிடுங்கள், அதில்தான் வேலை செய்ய வேண்டும். கம்பெனி டூமைப் பிரிக்காமல் பரணில் வைத்திருந்தால், மாற்றச் சொல்லி உத்தரவு வரும் நாளில் ஓர் ஒர்க்‌ஷாப்பையும் கெஞ்ச வேண்டியதில்லை.

5. காகிதங்கள்

வாரண்டி இன்னும் இருக்கிற வண்டி என்றால் வாரண்டிப் புத்தகத்தில் மின் இணைப்பு பற்றிய பக்கத்தைப் படித்துவிட்டுக் கை வையுங்கள். வயரை வெட்டினால் வயரிங் சம்பந்தப்பட்ட கோரிக்கையைத் தள்ளுபடி செய்வார்கள். கிட் எதுவானாலும் சாக்கெட்டில் செருகுவதாக இருக்கட்டும்.

இன்சூரன்சில் வெளியே வாங்கிப் பொருத்திய மின்சாதனங்களுக்கு ஐ.எம்.டி. 24 என்ற பிரிவு உண்டு. சாதனத்தின் மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம் கட்டினால் அதற்கும் காப்பு கிடைக்கும். 15,000 ரூபாய்ப் பொருளுக்கு 600 ரூபாய், வரி தனி. ஏஜென்டிடம் வாயால் சொன்னால் போதாது, பாலிசியில் ஏறியிருக்க வேண்டும். ஆனால் இது பொருளுக்கான காப்பு மட்டுமே, சட்டப்படி அனுமதி ஆகிவிடாது. இரண்டையும் ஒன்றாகச் சொல்லி விற்கிறார்கள்.

பில்லில் ஜி.எஸ்.டி. எண், பல்பின் வகை, பேலஸ்டின் வாட், வாரண்டிக் காலம் எல்லாம் இருக்கட்டும். எஸ்டிமேட் சீட்டுக்கு ஒரு பேலஸ்டும் மாற்றித் தர மாட்டார்கள்.

6. பொருத்தும் நாள்

வண்டி ஒரு முழு நாள் நிற்கும், பசை காய மறுநாளும் ஆகலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். டூமைச் சூடேற்றிப் பிரித்து, புரொஜெக்டரை வைத்து, மறுபடி பசை போட்டு ஒட்டுவார்கள். ஈரப்பதம் உள்ளே போனால் வாரக் கணக்கில் கண்ணாடி வேர்த்துக்கொண்டே இருக்கும்.

பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. புரொஜெக்டரை டூமின் வெளிக்கூட்டில் பொருத்தாமல் ரிஃப்ளெக்டர் கிண்ணத்திலேயே பொருத்தச் சொல்லுங்கள். கிண்ணத்தில் இருந்தால்தான் ஏற்றி இறக்கும் திருகும், டாஷ்போர்டில் இருக்கும் லெவல் திருகியும் பழையபடி வேலை செய்யும். பிக்அப்புக்கு இது உயிர்நாடி. பின்னால் லோடு ஏறினால் முன்பக்கம் தூக்கும். ஒரே ஒரு டிகிரி தூக்கினாலும் 100 மீட்டர் தூரத்தில் வெளிச்சம் 1.75 மீட்டர் மேலே போய்விடும். கம்பெனியே செனான் வைக்கும் கார்களில் தானாக இறங்கும் ஏற்பாடு இருப்பது இதற்காகத்தான். நமக்கு அது கிடையாது.

வயரிங்கில், ஃபியூஸ் பேட்டரிக்கு ஒட்டினாற்போல இருக்க வேண்டும். பேலஸ்ட் இன்ஜின் சூடும் தண்ணீரும் படாத இடத்தில், வயர் முனை கீழ்ப்பக்கம் பார்த்து உட்கார வேண்டும். பேலஸ்டுக்கும் பல்புக்கும் நடுவே உள்ள வயரை நீட்டவோ வெட்டவோ கூடாது. பற்றவைக்கும் நொடியில் 20,000 வோல்ட்டுக்கு மேல் பாயும். லைட் எரியும்போது அந்தப் பக்கம் கையே போகக் கூடாது. பல்பின் கண்ணாடியை வெறும் விரலால் தொடாதீர்கள்.

எச்4-இல் பிரைட் போட்டால் டிம் அணையும். செனானில் இரண்டுக்கும் ஒரே பல்பு, அது அணையாமல் எரிந்துகொண்டிருக்க, தடுப்பு மட்டும் நகர வேண்டும். அதற்கான பை-செனான் ரிலே வயரிங் தனியாக வரும். சாதாரண ரிலேவை மாட்டிவிட்டால் ஒவ்வொரு முறை டிம் அடிக்கும்போதும் பல்பு அணைந்து மறுபடி பற்றும், சில நொடி ரோடு இருட்டாக இருக்கும். மலைப்பாதை வளைவில் அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. காசு கொடுக்குமுன் சாவியைப் போட்டு டிம், பிரைட், டிம் என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். எஃப்.எம். ரேடியோவையும் போட்டுக் கேளுங்கள். கரகரத்தால் எர்த் சரியில்லை, அல்லது பேலஸ்ட் மட்டமானது.

7. சுவரில் பிடித்துச் சரிபார்ப்பது

இதைச் செய்யாமல் ஒர்க்‌ஷாப்பை விட்டுக் கிளம்பாதீர்கள். டயர் காற்றைச் சரி பார்த்து, மட்டமான தரையில், சுவருக்கு 5 மீட்டர் தள்ளி வண்டியை நேராக நிறுத்துங்கள். புரொஜெக்டரின் நடுப்புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து அதே உயரத்தில் சுவரில் கோடு போடுங்கள். வெளிச்சக் கோடு அதற்கு 5 முதல் 7.5 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும்.

காலி வண்டியிலா, லோடோடா? லெவல் திருகி வேலை செய்தால், டிரைவர் மட்டும் உட்கார்ந்து, திருகி பூஜ்யத்தில் இருக்க அளவு வையுங்கள். லோடு ஏறியதும் திருகியால் இறக்கிக்கொள்ளலாம். திருகியே இல்லாத வண்டியில் வழக்கமான இரவு லோடை ஏற்றிவிட்டு அளவு வையுங்கள். காலியாகத் திரும்பும்போது வெளிச்சம் கிட்டத்தில்தான் விழும். அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும், எதிரே வருகிறவர் கண்ணைக் கெடுப்பதைவிட அது மேல்.

அப்புறம் 106-ஆம் விதி. டிம்மைப் போட்டுவிட்டு 8 மீட்டர் முன்னால் போய், வண்டியின் வலது ஓரத்துக்கு அரை மீட்டர் வலப்புறம் நின்று, கண் 1.5 மீட்டர் உயரத்துக்கு வரும்படி கொஞ்சம் குனிந்து பாருங்கள். கூசினால் இன்னும் இறக்குங்கள். லோடு ஏற்றிய பிறகும் ஒரு முறை இதே சோதனை.

8. அதன் பிறகு

ஒரு வாரம் ஓட்டிய பிறகு திருகுகள் தளர்ந்திருக்கும், மறுபடி சுவரில் பாருங்கள். ஸ்பிரிங் பட்டை மாற்றினாலோ கூடுதல் பட்டை சேர்த்தாலோ முழு அளவும் திரும்ப எடுக்க வேண்டும்.

நல்ல செனான் பல்பு 2,000 மணி நேரத்துக்கு மேல் உழைக்கும். ஒன்று போனால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஒரு கண் வெள்ளையாகவும் ஒரு கண் மஞ்சளாகவும் எரியும். லைட் ஊதா நிறத்துக்குத் திரும்பினாலோ, ஓடும்போது தானாக அணைந்து எரிந்தாலோ பல்பின் காலம் முடிந்தது. டி1, டி2 வகைகளில் பாதரசம் இருக்கிறது. உடைந்தால் கையால் பொறுக்காமல், காற்றோட்டமாகத் திறந்து விட்டு, அட்டையால் கூட்டி எடுத்து, குப்பையோடு கலக்காமல் தனியாகக் கட்டி வையுங்கள்.

வண்டியில் எப்போதும் 60/55 எச்4 பல்பு ஒரு ஜோடி கிடக்கட்டும் என்று சிலர் சொல்வார்கள். புரொஜெக்டர் போட்ட டூமில் அதை மாட்ட இடமே இருக்காது. வைத்திருக்க வேண்டியது ஒரு மாற்றுப் பேலஸ்ட், ஒரு மாற்று ரிலே, இரண்டு ஃபியூஸ். மூன்றும் டாஷ்போர்டு பெட்டிக்குள் அடங்கும்.